எல்லை கடக்கும் விருந்தினர்

சென்ற தைத்திங்களில் ஒருநாள், விடியுமுன், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எண்மர் பழவேற்காட்டு ஏரியைக் காணப் புறப்பட்டோம். கும்மிடிப்பூண்டி செல்லும் மின்வண்டியில் ஏறினோம். எண்ணூர் கடந்து அத்திப்பட்டை நெருங்குங்கால், கீழ்வானில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஓங்கி நின்றன. பொன்னேரியில் இறங்கிப் பேருந்தேறி ஏரிக்கரையை அடைந்தபோது பனி இன்னும் விலகவில்லை. சிறிது பொழுதில் கதிரவன் எழுந்தான், பனித்திரை நீங்கிற்று. தொலைவில், முழங்காலளவு நீரில், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நீண்டதொரு கோடு தெரிந்தது. அக்கோடு மெல்ல நகர்ந்தது. நகர்ந்த பின்னரே அது பறவைக் கூட்டம் என்று அறிந்தோம். அவை பூநாரைகள். நெடிய கால்களை ஊன்றி, வளைந்த அலகைத் தலைகீழாய் நீருள் ஆழ்த்தி, சேற்றை அரித்து நுண்ணிய உயிர்களை உண்டுகொண்டிருந்தன.

அருகே, படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, இந்தப் பறவைகள் எந்த ஊரைச் சேர்ந்தவை?" என்று வினவினோம். அவர் நகைத்து, "அதுங்களுக்கு ஏது தம்பி ஊரு? தண்ணி நல்லா இருந்தா வரும், இல்லேன்னா வராது. நாங்களும் அப்படித்தான்" என்றார். கூறிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஊரும் நாடும் இல்லாத உயிர்களைக் காப்பது யார் கடன்? ஒரு நாட்டின் கடனா, பல நாடுகளின் கடனா, அன்றி அவை வந்திறங்கும் கரையில் வாழ்வோரின் கடனா? இவ்வினாவை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைத்தலே நம் கருத்து.

முதற்கண் ஏரியைப் பற்றிச் சில சொல்லுவோம். இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பரப்புடையது பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடல் உப்புநீர் தருகின்றது. இருநீரும் கலக்குமிடத்தில் மீனும் இறாலும் நண்டும் பெருகுகின்றன. துணி வாணிகத்தின்பொருட்டு ஒல்லாந்தர் இவ்வூரில் வந்து தங்கி, 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர் என்பதை வரலாறு பயின்றோர் அறிவர். கப்பலேறி வந்த அயலார்க்கும் நெடுங்காலம் முன்னரே சிறகேறி வந்த அயலார் இப்பறவைகள்.

கச்சு நாட்டு உப்புநிலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பன பூநாரைகள். வடதுருவத்தை அடுத்த பாசி நிலத்தில் பிறப்பது கொசு உள்ளான். அதன் எடை ஏறக்குறைய முப்பது கிராம், நம் உள்ளங்கையில் அடங்கும். அச்சிற்றுயிர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து நம் கரையில் பனிக்காலத்தைக் கழிக்கின்றது. ஊசிவால் வாத்தும் மூக்கனும் ஆலாவும் இவ்வாறே வருவன. வந்து, உண்டு, வலிமை பெற்று, வேனில் முதிருமுன் வடதிசை நோக்கி மீளுகின்றன. இதனையே வலசை என்கிறோம்.

வலசை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. பிசிராந்தையார் என்னும் பாண்டிநாட்டுப் புலவர், குமரித் துறையில் இரைதேர்ந்து வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை விளித்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. இடையே சோழநாட்டில் தங்கித் தம் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு அப்பறவையை அவர் வேண்டுகின்றார். சத்திமுத்தப் புலவரும், குமரியாடி வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்தார். இமயத்தின் மேலே பறந்துவந்து, நம் கூந்தன்குளத்தில் இன்றும் பனிக்காலம் கழிக்கும் வரித்தலை வாத்தைக் காணுந்தோறும் அப்பழம் பாடல்கள் நம் நெஞ்சில் எழுகின்றன. புலவர் பாண்டிநாட்டார்; அரசன் சோழநாட்டான்; பறவையோ எந்நாட்டதும் அன்று. இரு நாடுகட்கும் பொதுவாய் நின்ற அப்பறவையே நட்புக்கும் தூதாயிற்று. இக்கருத்தை அரசாங்கங்கள் கைக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின.

நிற்க. ஒரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் சட்டம் இயற்றிக் காத்தால் போதாதோ என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதற்குச் சைபீரிய வெண்கொக்கின் வரலாறே சான்று. மேலைச் சைபீரியாவில் பிறந்த இக்கொக்குகள், மைய ஆசிய நாடுகளையும் ஆப்கானித்தானத்தையும் பாகித்தானத்தையும் கடந்து, இராசபுதனத்துப் பரத்பூர் நீர்நிலைக்கு ஆண்டுதோறும் வந்தன. 1960-களில் இருநூறளவில் வந்தவை, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போயின. பரத்பூரில் அவற்றுக்குக் காவல் இருந்தது. 1981-இல் அந்நீர்நிலை தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. இந்தியாவும் சோவியத்து நாடும் 1984-இல் வலசைப் பறவைகளைக் காக்கத் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும், இடைவழியில் வேட்டையாடுவோர் கையையும் வற்றிப்போன நீர்நிலைகளையும் தடுப்பாரில்லை. 2002-ஆம் ஆண்டின் பனிக்காலத்துக்குப் பின்னர்ப் பரத்பூரில் அக்கொக்குகளைக் கண்டாரில்லை. வீட்டின் இரு கதவுகளையும் தாழிட்டு, நடுச்சுவரைத் திறந்துவிட்ட கதையாயிற்று அது.

ஆகவே, வழிநெடுக உள்ள நாடுகள் யாவும் கைகோத்தாலன்றி வலசை உயிர்கள் பிழையா. இதனை உணர்ந்த முயற்சிகள் உண்டு. 1916-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஐக்கிய நாடுகளும், கனடாவின் சார்பாகப் பிரிட்டனும் வலசைப் பறவைகளின்பொருட்டு உடன்படிக்கை எழுதின. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் நீர்நிலங்களைக் காக்கும் உடன்படிக்கை பிறந்தது. 1979-இல் செருமனியின் பான் நகரில் வலசை உயிர்களுக்கென்றே தனி உடன்படிக்கை எழுதப்பட்டு, 1983-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இந்தியாவும் அதிற் சேர்ந்தது. அழியும் நிலையிலுள்ள உயிர்களை முதற்பட்டியலிலும், பல நாடுகளின் கூட்டுறவின்றிக் காக்கவொண்ணாத உயிர்களை இரண்டாம் பட்டியலிலும் அது வகுத்துக் கூறுகின்றது. 130-க்கு மேற்பட்ட உறுப்பினர் அதிலுள்ளனர். தம்முள் போரிட்ட இந்தியாவும் பாகித்தானமும் அவ்வொரே ஏட்டில் ஒப்பமிட்டுள்ளன என்பதை எண்ணும்போது, பறவைகள் மனிதர்க்குச் செய்யும் உபகாரம் சிறிதன்று என்று தோன்றுகின்றது.

2020-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் இவ்வுடன்படிக்கையின் பதின்மூன்றாம் மாநாடு நம் நாட்டுக் காந்திநகரில் கூடிற்று. அம்மாநாட்டின் இலச்சினை நம் வீட்டு வாயிற்கோலத்தின் வடிவில் வரையப்பட்டிருந்தது. புள்ளிகளை இணைத்து இழுக்கும் கோலம், நாடுகளை இணைத்துச் செல்லும் வலசைக்குப் பொருந்திய அடையாளமே. 2024-இல் உசுபெக்கித்தானத்துச் சமர்கந்து நகரில் கூடிய பதினான்காம் மாநாட்டில், வலசை உயிர்களின் நிலை குறித்த அறிக்கை வெளியாயிற்று. உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள 1,189 இனங்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு இனங்கள் தொகையிற் குறைந்து வருகின்றன என்றும், ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை அடியோடு அழியும் அச்சத்தில் உள்ளன என்றும் அது கூறிற்று. வடதுருவக் கடலினின்று இந்துமாக்கடல் வரை 30 நாடுகளின் மேலே செல்வது மைய ஆசிய வான்வழி. பழவேற்காடு அவ்வழியில் ஒரு சத்திரம். அவ்வழியைக் காக்கும் கூட்டு முயற்சிக்கு அம்மாநாடு இசைந்தது. அதன் இணைப்பகம் இந்தியாவில் அமைதற்கும் இசைந்தது. ஆயின், அம்மாநாடு கூடிய நாளில், அவ்வான்வழியின் பெருநாடுகளாகிய உருசியாவும் சீனமும் பான் உடன்படிக்கையில் உறுப்பாகவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

இங்ஙனம் கூறியதும், குற்றமெல்லாம் பிற நாட்டார்மேல் ஏற்றிவிட்டு நாம் அமைதியுறுதல் எளிது. கொக்கைக் கொன்ற கை எங்கோ மலைநாட்டுக் கை என்று சொல்லிவிடலாம். அன்பர்காள்! நம் கரையைச் சற்றுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னையிலும் அதனை அடுத்த மாவட்டங்களின் கடற்கரைகளிலும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. தொகை ஆயிரத்தைத் தாண்டிற்று என்று கணக்கெடுத்தோர் கூறினர். ஆமை நீரில் வாழினும் காற்றை மூச்சாக உடையது. விசைப்படகின் இழுவலையில் அகப்பட்டு மேலெழ இயலாதபோது அது மூச்சு முட்டி மாள்கின்றது. அகப்பட்ட ஆமை தப்புதற்கு வலையிலேயே ஒரு வாயில் அமைக்கும் கருவி உண்டு. முட்டையிடும் திங்கள்களில் விசைப்படகுகள் கரையை அண்டாது விலகி மீன்பிடித்தல் வேண்டும் என்னும் விதியும் உண்டு. இந்துமாக்கடல் ஆமைகளைக் காக்க 2001-இல் பல நாடுகள் கூடி நடைமுறைக்குக் கொணர்ந்த உடன்பாட்டில் இந்தியாவும் 2007-இல் சேர்ந்தது. கருவி உண்டு; விதி உண்டு; உடன்பாடு உண்டு. ஆமை மட்டும் பிழைக்கவில்லை. ஒரிசாக் கரையில் அடையாளமிட்ட ஆமைகள் இலங்கைக் கடலில் காணப்பட்டுள்ளன. அவ்வழிச்செல்வோர்க்கு நாமே இடைவழி நாட்டார். வெண்கொக்கின்பொருட்டு ஆப்கானித்தானத்தை நோக்கி நீட்டிய விரலை, ஆமையின்பொருட்டு நம்மை நோக்கி மடக்குதல் வேண்டும்.

எனின், உடன்படிக்கைகள் வெறுங்காகிதமோ? அவ்வாறு கூறுதலும் பிழை. வெற்றிக்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. அமூர் வல்லூறு என்பது ஒரு சிறு வேட்டைப் பறவை. கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் பிறந்து, நாகாலாந்தில் சில நாள் தங்கி, பின் தென்னாப்பிரிக்கா வரை செல்வது. 2012-ஆம் ஆண்டில், வோக்கா மாவட்டத்துத் தோயாங்கு நீர்த்தேக்கத்தின் அருகே, அவை வலைகளில் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு உணவுக்காக விற்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. நாடு தலைகுனிந்தது. மறு ஆண்டே அவ்வூர்களின் கிராம மன்றங்கள் கூடி, வலை விரித்தலைத் தடுத்துத் தாமே விதி செய்தன. அவ்வூர்த் திருச்சபைகளும் மக்களிடையே பேசின. 2013-இல் வலை விரிக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில், பான் உடன்படிக்கையின் துணையோடு, அங்கேரி நாட்டு அறிஞரும் நம் நாட்டு அறிஞரும் மூன்று பறவைகட்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடுத்தனர். நாகா, வோக்கா, பாங்தி என அப்பகுதியின் பெயர்களே அவற்றுக்கு இடப்பட்டன. நேற்றுவரை வலை விரித்தவர், தம் ஊர்ப் பெயர் தாங்கிய பறவை அரபிக்கடலை இடையறாது கடந்து ஆப்பிரிக்காவை அடைந்த செய்தியைக் கேட்டு மகிழ்ந்தனர்.

இவ்விரு வரலாற்றையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை விளங்கும். நாடுகள் கூடினாலன்றி வழி திறவாது. ஊரார் கூடினாலன்றி விருந்து நிலையாது. வெண்கொக்கிற்கு வழி திறந்திலது. ஆமைக்கு ஊர் கூடவில்லை. வல்லூறுக்கு இரண்டும் வாய்த்தன. பான் நகரிலும் சமர்கந்திலும் எழுதப்படும் சொற்கள் நிறைவேறும் இடம் தோயாங்கு. நமக்கு அவ்விடம் பழவேற்காடு.

ஈண்டு ஒரு தடை எழும். "உண்ண உணவின்றி மனிதர் வாடுங்கால், பறவைக்கு விருந்தோ?" என்பர் சிலர். இத்தடையை இகழ்ந்து ஒதுக்குதல் அறமாகாது. பரத்பூரிலேயே, பூங்கா அமைத்தபின், 1982-இல் சுற்றூர் மக்களின் எருமைகள் அங்கு மேய்தல் திடீரெனத் தடுக்கப்பட்டது. கலகம் எழுந்தது, காவலர் துப்பாக்கியால் உயிர்களும் போயின. பின்னர்ப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு ஆய்ந்து கண்டது யாது? எருமைகள் நீங்கியதனால் புல் மிகுந்து நீர்ப்பரப்பை மூடிற்று என்பதும், அது நீர்ப்பறவைகட்கே கேடாயிற்று என்பதும் ஆம். மக்களை நீக்கினால் பறவை பெருகும் என்று எண்ணியது பிழையாயிற்று. மனிதர் உயிர் போனது ஒருபால்; பறவைகட்கும் நன்மை இல்லை.

இதற்கு மாறாக வேடந்தாங்கலை நோக்குக. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலைக் கண்ட அவ்வூரார், அவற்றைச் சுடுவாரைத் தடுத்து, 1798-இல் அந்நாளைய ஆட்சியரிடம் கவுல் பெற்றனர் என்பர். எந்நாட்டு மாநாடும் அவர்களை ஏவவில்லை. பறவையின் வாழ்வும் தம் வாழ்வும் ஒரே நீரில் இருத்தலை அவர்கள் கண்டனர். பழவேற்காட்டுப் பெரியவர் நம்மிடம் கூறியதும் அதுவே அன்றோ?

அவ்வேரிக்கரை மீனவரிடையே "பாடு" என்றொரு வழக்கம் உண்டு. நல்ல மீன்பாடுள்ள இடங்களை வலியவர் கவர்ந்துகொள்ளாதபடி, ஊரார் கூடி, எந்த நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்று முறை வகுத்துக்கொள்ளுதலே பாடு. தன் முறை வந்தவன் வலையிடுவான். அது கழிந்ததும் பிறனுக்கு விட்டு விலகுவான். ஏரி ஒருவனுக்கும் உரியதன்று. எல்லோர்க்கும் முறையே உரியது. உலக நாடுகள் பெரிய மண்டபங்களில் கூடித் தேடும் முறை, ஓலைக் குடிசைகளில் பிறந்து பல தலைமுறையாய் வழங்கி வருகின்றது.

ஆயினும் அம்முறையைக் குறையின்றிப் புகழ்தல் உண்மையாகாது. பாட்டுரிமை குறித்த சில ஊரார்க்கும் சமூகத்தார்க்குமே உரியது. இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லிற் கவ்விக்கொண்டு, கைகளாற் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அவ்வவையில் இடமில்லை. ஏரி வறண்டால் முதலில் பசிப்பவர் அவர்களே. உலக மாநாடுகளின் குறையும் இதுவேயாகும். முறை வகுக்கும் அவையில் இடம்பெறாதவன் அம்முறையின் சுமையை மட்டும் சுமப்பானாயின், அதனைக் கூட்டுறவு என்று எவ்வாறு கூறுவது?

இனி, ஏரியின் இன்றைய நிலையைக் கூறுவோம். கடல் மணலை ஒதுக்குவதனால் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகின்றது. அங்ஙனம் தூர்ந்தால் கடல்நீர் உட்புகாது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உட்புகா. கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். மழையில் உப்பு குன்றும். எதுவாயினும் மீனவன் வலையும் பூநாரையின் அலகும் ஒருங்கே வறிதாகும். வடபால் சூலூர்ப்பேட்டையினின்று ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியை ஊடறுத்து நீரோட்டத்தைத் தடுக்கின்றது. அத்தீவினின்றே விண்கலங்கள் எழுகின்றன. தென்பால் எண்ணூர்க் கழிமுகத்தில், 2023-ஆம் ஆண்டு திசம்பர்ப் பெருமழையின்போது வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவிற்று. சிறகெல்லாம் கருநெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களை நாளிதழ்களில் கண்டோம்; மீனவர் படகும் வலையும் அவ்வாறே கறுத்தன. ஏரிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளியில் துறைமுகத்தை விரிக்கும் திட்டத்துக்காக, 2021-லும் 2023-லும் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டன. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு கரைந்துபோகும் என்பது மீனவர் அச்சம்.

தொழிற்சாலைகளே வேண்டா என்று நாம் கூறவில்லை. நம் வகுப்புத் தோழரிற் சிலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் தந்தையரின் மக்கள். அவ்வூதியத்தாலேயே இக்கல்லூரியிற் பயில்கின்றனர். அவ்வனல்மின் நிலையங்களின் விளக்கொளியிலேயே நாம் இரவில் சங்க நூல் படிக்கின்றோம். ஆலைக்கும் ஏரிக்கும் பகை என்பது இயற்கையன்று. தன் கழிவைத் தானே தாங்காது பிறர் நீரிற் கொட்டும்போதே பகை பிறக்கின்றது. பயன் கொள்வார் ஒருவரும் சுமை சுமப்பார் மற்றொருவருமாய் இருத்தல் முறையன்று என்பதே நம் கருத்து.

இவ்விடத்து நாம் முதன்மையாகக் கூற விரும்புவது ஒன்று. பழவேற்காடு ஓர் ஏரி. ஆனால் அது இரு மாநிலங்களில் இருக்கின்றது. பெரும்பகுதி ஆந்திரத்தது, தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தது. ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைக் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. ஒரே நீருக்கு இரண்டு அறிவிப்பு, இரண்டு துறை, இரண்டு கணக்கு. எல்லை குறித்து இரு பாலும் மீனவர் பிணங்கியதும் உண்டு. பூநாரையோ காலையில் தெலுங்கு நாட்டில் உண்டு மாலையில் தமிழ் நாட்டில் உறங்குகின்றது. முப்பது நாடுகளை ஒன்றுகூட்டும் பொறுப்பை ஏற்ற ஒரு தேசம், தன் இரு மாநிலங்களை ஓர் ஏரியின்பொருட்டு ஒன்றுகூட்ட இயலாதாயின், அதன் சொல்லைப் பிறநாட்டார் எங்ஙனம் மதிப்பர்? அடுத்த வீட்டானோடு வாய்க்காலுக்கு வழக்கிடுவோன் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவனாக விரும்புதல் போன்றது அது.

ஆதலின், ஏரி முழுமைக்கும் இரு மாநிலமும் கூடிய ஓர் அவை வேண்டும். அவ்வவையில் அதிகாரிகளும் அறிஞரும் மட்டுமன்றி, இருகரை மீனவரும், கையால் இறால் பிடிக்கும் இருளரும் வாக்குரிமையோடு அமர்தல் வேண்டும். முகத்துவாரத்தைத் திறத்தலும், சாலையின் கீழ் நீர்வழி பெருக்கலும், எவ்வாலையின் கழிவு எவ்வோடையில் விழுகின்றது என்பதை அளந்து தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடுதலும் அதன் கடமைகளாதல் வேண்டும். புதிய துறைமுகமோ ஆலையோ வருமுன், அரை ஏரியை நோக்கி முடிவு செய்தல் கூடாது. முழு ஏரியையும் நோக்குதல் வேண்டும். காப்பிடத்தின்பொருட்டு மீனவன் ஒருநாள் வலையிடாதிருக்க வேண்டுமாயின், அந்நாளின் கூலியை அவன் வயிற்றினின்று கொள்ளாது பொதுப் பணத்தினின்று தருதல் வேண்டும். விருந்தினரை அழைத்தது நாடு. அடுப்பெரிப்பது மட்டும் ஏழையின் விறகோ?

இவையெல்லாம் அரசாங்கத்தார் செய்வன. மாணவராகிய நாம் செய்வது யாது என்று கேட்பீராயின், அதற்கும் விடையுண்டு. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 1987 முதல் நடந்துவரும் இப்பணியில், கற்றோரும் கல்லாரும் தத்தம் ஊர் நீர்நிலையில் நின்று எண்ணி அனுப்பும் எண்களே, உலக மாநாடுகளில் ஓரினம் வளர்கின்றதா தேய்கின்றதா என்று காட்டும் சான்றுகளாகின்றன. எண்ணுவாரில்லாத உயிர் குறைந்தாலும் அழுவாரில்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும் நம் கல்லூரியார் ஒருநாள் பழவேற்காட்டுக் கரையில் நின்று எண்ணுதல் அரிய செயலன்று. விலங்கியல் மாணவர் இனம் காட்டுவர்; கணித மாணவர் தொகுப்பர்; தமிழ் மாணவராகிய நாம் கரைவாழ் மக்கள் அப்பறவைகட்கும் மீன்கட்கும் காற்றுகட்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதுவோம். அவ்வெண்கள் ஆண்டுதோறும் இம்மலரில் ஒரு பக்கமாக வருதல் வேண்டும். இருபது ஆண்டு தொடர்ந்தால், அப்பக்கங்களே ஏரியின் வரலாறாகும்.

பழைய மாணவராகிய தமையன்மார்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் தொழிற்சாலைகளிற் பொறுப்பேற்றிருக்கின்றீர்கள். சிலர் அரசாங்க அலுவலில் இருக்கின்றீர்கள். உங்கள் ஆலையின் வாயிலினின்று கழிவுநீர் செல்லும் வழியே ஒருநாள் நடந்து பாருங்கள். அது முடியும் இடத்தில் யார் குளிக்கின்றார், யார் மீன் பிடிக்கின்றார், எப்பறவை இரை தேடுகின்றது என்று கண்டு வாருங்கள். கண்டபின் செய்யத்தக்கது யாதென்று உங்கள் தம்பியராகிய நாம் கூறவேண்டுவதில்லை.

அன்று மாலை நாம் திரும்பும்பொழுது அப்பெரியவரின் படகும் கரைசேர்ந்தது. வலையில் மீன் மிகுதியாக இல்லை. "தண்ணி சரியில்லை, தம்பி" என்றார். ஏரியின் நடுவே பூநாரைக் கோடு காலையிற் கண்ட இடத்தினின்று நெடுந்தொலைவு வடக்கே நகர்ந்திருந்தது. அவை எல்லையைக் கடந்துவிட்டனவோ என்று நோக்கினோம். எல்லை எங்கிருக்கின்றது என்பது நீர்மேல் தெரியவில்லை.